மூன்று அன்னா பார்பராக்கள்

“அத்தை, நாம் இரண்டு குழந்தைகளை அழித்துவிட்டோம்” என்றாள் என் மருமகள், வீடியோ காலில்.

போன மாதம் ஒரு காலை நேரம். என் கையில் காபி டம்ளர். போத்தனூர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் நான் யார் பெற்ற குழந்தையை அழித்தேன்? எதிர்வீட்டுப் பிள்ளைகளின் கிரிக்கெட் பந்து எங்கள் மாடியில் விழுந்தால்கூடத் திட்டாமல் எடுத்துக் கொடுக்கிறவள். சரி... திட்டிவிட்டுத்தான் கொடுப்பேன்.

“எந்தக் குழந்தைகளை?” என்றேன்.

“அன்னா பார்பராக்களை.” சொல்லிவிட்டு ரேச்சல் அழ ஆரம்பித்தாள். போனுக்கு அந்தப் பக்கம் என் மகன் கார்த்திக் பதறி ஓடிவருவது தெரிந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ரேச்சலைத் தெரியும். பென்சில்வேனியாவில் என் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு, இங்கே வந்து பட்டுச் சேலை கட்டி, ராகிக் களியை மென்று மென்று தாடை வலித்துப்போய், “இதை மெல்லக் கூடாதா?” என்று பாவமாகக் கேட்டவள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான். என் ஆங்கிலம் கோயமுத்தூர் ஆங்கிலம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ சேர்க்காத குறை. அவளுக்கு அது பழகிவிட்டது. ‘அத்தை’ மட்டும் சுத்தத் தமிழில் சொல்வாள்.

போன வருடம் அவள் உண்டானாள். நாங்கள் விசா வாங்கினோம், டிக்கெட் போட்டோம். சூட்கேஸில் வசம்பு, சுக்கு, பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்த துணிகள் என்று எல்லாம் அடுக்கியாகிவிட்டது. விமான நிலையத்தில் வசம்பைப் பார்த்து என்னவென்று கேட்டால் என்ன சொல்வது என்று நானும் வீட்டுக்காரரும் ஒரு வாரம் விவாதம் நடத்தினோம்.

அதற்கு அவசியமே வரவில்லை. ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை.

“இப்ப வர வேண்டாமுங்மா” என்றான் கார்த்திக். “அவ யாரயும் பாக்கற நெலமைல இல்லீங். அழுகக்கூட மாட்டீங்கறா. அதாம் பயமா இருக்குது.”

என்ன செய்வீர்கள் நீங்கள்? பத்தாயிரம் மைல் தள்ளி ஒரு பெண் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கிருந்து நான் ‘சாப்பிட்டியா?’ என்று மெசேஜ் போடலாம். போட்டேன். தினமும் போட்டேன். ‘யெஸ் அத்தை’ என்று பதில் வரும். சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குழந்தையை அவர்கள் ஊர் சர்ச்சை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் வைத்திருந்தார்கள். ரேச்சல் அடிக்கடி அங்கே போய் உட்கார்ந்திருப்பாளாம். பக்கத்தில் பாசி பிடித்த பழங்காலத்துக் கற்கள். ஜெர்மன் மொழியில் பாதி அழிந்த எழுத்துக்கள். எல்லாம் அவள் அம்மா வழி ஆட்கள். உட்கார்ந்த இடத்தில் சும்மா படிக்க ஆரம்பித்திருக்கிறாள். ஒருநாள் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். ‘அத்தை, இந்தக் கல்லில் ஷ்னைடர் என்று இருக்கிறது பாருங்கள்.’

‘யெஸ் அத்தை’யைத் தாண்டி அவள் அனுப்பிய முதல் வாக்கியம் அது. விடுவேனா? பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் ஷ்னைடர் ஆராய்ச்சி. அவள் அங்கே சர்ச் பதிவேடுகளைத் தேடுவாள், கணினியில் கிடைப்பதை இறக்குவாள், ஜெர்மன் தெரிந்தவர்களைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்புவாள். நான் இங்கே மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யாருக்கு யார் என்ன முறை என்று உறவு கட்டுவேன். கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு இது ஒரு வேலையா? கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தால், இலை போடுவதற்குள் எதிரில் இருப்பவர் எந்தக் கூட்டம், எந்தக் கோயில், நமக்கு மாமனா மச்சானா பங்காளியா என்று கண்டுபிடித்துவிடுகிற சாதி சனம் நாம்.

சுருக்கமாகக் கதை இதுதான். ரைன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் யோஹான் கேயோர்க் ஷ்னைடர் என்று ஒருவர். ஷ்னைடர் என்றால் தையல்காரராம். பஞ்சம், போர், வரி... மனைவி அன்னா மார்கரெட்டாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். அமெரிக்கா அப்போது இங்கிலீஷ்காரன் காலனி. பிலடெல்பியாவில் இறங்கி, காட்டை வெட்டி, சோளம் போட்டு, பிள்ளைகள் பெற்று, அந்த மண்ணிலேயே முடிந்துபோனார்.

கப்பலில் வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அன்னா மார்கரெட்டாவின் பெயர் இல்லை. பிள்ளைகள் பெயரும் இல்லை. வயதுக்கு வந்த ஆண்கள் பெயரை மட்டும்தான் எழுதுவார்களாம். எங்கள் கோயிலில் ஒட்டியிருக்கும் வம்சாவளிப் படம் ஞாபகம் வந்தது. அதிலும் அப்படித்தானே? பெண்கள் எல்லாம் காற்றில் வந்து காற்றில் போயிருக்கிறார்கள்.

ரேச்சல் மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்தாள். அந்த வீட்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் பெயர் யோஹான். யோஹான் பீட்டர், யோஹான் மிகேல், யோஹான் ஆடம். “ஒரு யோஹானைக் கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்?” என்று கேட்டேன். எங்கள் வீட்டில் வேலையென்று கூப்பிட்டால் ஒருத்தர்கூட வருவதில்லை என்றேன். அதற்குத்தான் சிரித்தாள். கார்த்திக் தனியாகப் போன் செய்து, “அவ சிரிச்சாங்மா” என்றான்.

பிறகு வந்தது பார்பரா விவகாரம்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தத் தம்பதிக்கு ‘அன்னா பார்பரா’ என்று ஒரு பெண். கொஞ்சம் தள்ளி இன்னொரு அன்னா பார்பரா. அதற்கும் பின்னால் மறுபடியும் ஒரு அன்னா பார்பரா. மூன்றுக்கும் அப்பா அம்மா அதே பேர்.

“என்ன செய்வது அத்தை?” என்றாள் ரேச்சல்.

நான் மகா மேதாவி இல்லையா? ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பாதிரியார் தப்பு. எழுதினதையே திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வாக்காளர் பட்டியலில் என் பெயரே இரண்டு தடவை இருந்தது. ஒரு வீட்டில் ஒரே பெயரில் மூன்று பெண்ணா? எந்தத் தாய் வைப்பாள்? முதலாவதை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடு” என்றேன்.

எடுத்துவிட்டாள். மேற்கொண்டு போனோம். ரேச்சலின் நேர் பாட்டி வரிசை அந்த பார்பரா வழியாகத்தான் இறங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், பார்பரா தன் கடைசிப் பிள்ளையை ஏறக்குறைய அறுபது வயதில் பெற்றதாக வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ‘உழைத்த உடம்பு’ என்றேன்.

ரேச்சலுக்குச் சந்தேகம் விடவில்லை. அந்த சர்ச்சின் பழைய விவரங்கள் தெரிந்த ஒரு பெண்மணியிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னாராம் – அது அந்தக் காலத்து வழக்கம். ஒரு குழந்தை இறந்துபோனால், அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். அதுவும் போனால் அதற்கடுத்ததற்கும் அதே பெயர். மூன்றும் மூன்று குழந்தைகள். முதல் இரண்டு பார்பராக்கள் கைக்குழந்தையாகவே போய்விட்டார்கள். உயிரோடு இருந்தவள் மூன்றாமவள்.

நாங்கள் அழித்தது இரண்டு பேரை. வைத்துக்கொண்டது ஒரு செத்த குழந்தையை... பிழைத்தவளின் வாழ்க்கையை அதன் தலையில் ஏற்றி.

எனக்கு ஏன் தோன்றவே இல்லை? நம் பக்கம் அப்படி ஒரு வழக்கமே கிடையாதே. போன குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பதா? அந்தப் பெயரை வாயில் சொல்லவே பயப்படுவோம். பெயர் வைப்பதற்கு முன்னால் போய்விட்டால் இன்னும் சுலபம். சொல்லாமல் இருக்க வேண்டிய பெயர்கூட இல்லை. ‘உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?’ என்று கேட்டால் நாம் நின்றதைத்தான் எண்ணுவோம். ‘நின்னது மூணுங்க’ என்பார்கள். நிற்காதது எத்தனை என்று கேட்பது மரியாதை இல்லை.

அந்தக் காலையில்தான் ரேச்சல் அழுதாள். இத்தனை மாதம் அழாதவள், இருநூறு முந்நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு பார்பராக்களுக்காக அழுதாள். பார்பராக்களுக்காக மட்டும் அழவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன?

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்தக் குடும்ப மரத்தைத் திரையில் காட்டினாள். மூன்று பார்பராக்களும் இப்போது அவரவர் இடத்தில் இருந்தார்கள். அப்படியே கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். அடியில் ரேச்சல், கார்த்திக். அவர்களுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். லீலா.

பெயர் வைத்திருந்தார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

“கார்த்திக் பக்கம் காலியாக இருக்கிறது அத்தை. உங்களிடமிருந்து தொடங்கலாமா? உங்களுக்கு ஒரே குழந்தைதானே?”

முப்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில், பாங்கில், கல்யாண வீட்டில், டாக்டரிடம். ‘ஒரே பையனுங்க.’ அன்றைக்கு வாய் வரவில்லை.

“கார்த்திக்குக்கு முன்னால் ஒரு பெண்” என்றேன்.

கார்த்திக் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் தெரியாது.

“பெயர்?” என்று மெதுவாகக் கேட்டாள் அவள்.

வைக்கவில்லை.

“பிறந்த தேதி?”

ஆடி மாதம். காற்று பலமாக அடித்தது. தேதி... தெரியும் என்று நினைத்திருந்தேன், தெரியவில்லை.

“எங்கே அடக்கம் செய்தீர்கள்?”

நெட்வொர்க் சரியில்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அரை நாள் உயிரோடு இருந்தாள் என் மகள். நான் மயக்கத்தில் இருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டது. பெண் என்று நர்ஸ் சொன்னது கேட்டது. கண் விழித்தபோது பக்கத்தில் துணித் தொட்டில் காலியாக இருந்தது. “போனதப் பத்திப் பேசாத அம்மணி, அடுத்தது நிக்கோணும்” என்றார்கள். பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் மல்லிகையின் வாசனை எனக்கு இன்றைக்கும் குமட்டும். ஏன் என்று கேட்கிறவர்களிடம் தலைவலி என்பேன்.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

“ஏனுங்க... பாப்பாவ எங்கீங்க வெச்சாங்க?”

எந்தப் பாப்பா என்று அவர் கேட்கவில்லை. தண்ணீரை நிறுத்தினார்.

“அப்பனும் பெரிய மாமனுந்தான் எடுத்துட்டுப் போனாங்க. நானும் வாரேன்னேன். பெத்தவன் வரக் கூடாது, நீ இங்கியே இருன்னு போட்டாங்க.”

“எங்கன்னு கேக்கலீங்களா?”

“கேட்டேன். நம்ம தோட்டத்துக்குக் கெழக்கால பள்ளத்தோரம், வேலா மரத்துக்குப் பக்கம்னாரு மாமன். அதுக்கு மேல பேச உடல.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.”

“நீ கேக்கவே இல்லையே, அம்மணி.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. முப்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, நான் கேட்பேன் என்று அவரும் அவர் சொல்வார் என்று நானும் இருந்திருக்கிறோம். அவருடைய அப்பாவும் போய்விட்டார், பெரிய மாமாவும் போய்விட்டார். நான் பிரசவித்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை. பிறப்பை யாரும் பதியவில்லை, அதனால் இறப்பையும் பதியவில்லை. ஒழுங்கான ரோடுகூட இல்லாத காட்டில் ஒரு பாதிரியார் குதிரையில் வந்து மூன்று பார்பராக்களையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தப்பாக எழுதிவிட்டார் என்றுதானே நான் சொன்னேன்?

போன வாரம் இருவரும் கிளம்பினோம். எங்கள் பழைய தோட்டம் சோமனூர் பக்கம். விற்றுவிட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்காரர் கிழக்கே பார்த்தார், மேற்கே பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்த ஊர். திசை பிடிபடவில்லை அவருக்கு.

தோட்டம் இருந்த இடத்தில் வரிசையாகத் தறி ஷெட்டுகள். பத்தடி தள்ளி நின்று பேசினால் காதில் விழாத சத்தம். பள்ளத்தைக் காணோம். மழை பெய்தால் செந்தண்ணீர் ஓடுமே, அந்தப் பள்ளம். மண் கொட்டி மேடாக்கி, மேலே ஒரு குடோன், அதை ஒட்டித் தார் ரோடு. வேலா மரம் ஒன்றுகூட இல்லை. ரோட்டோரத்தில் லாரி ஒன்று நூல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தது. அதன் சக்கரத்துக்குக் கீழேயா? குடோன் தரைக்குக் கீழேயா? மண்ணை அள்ளிக்கொண்டு போனார்களே, அதோடு போய்விட்டதா?

நாங்கள் தரையையே பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பதைக் கண்டு ஒருவர் ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். தலையெல்லாம் பஞ்சு.

“ஏனுங்க, எடம் பாக்க வந்தீங்களா?”

வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். வேறென்ன சொல்வார் அவர்?

“இங்க ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு. இன்னும் உள்ள தள்ளிப் போனீங்கன்னா கெடைக்கும். சின்ன எடமா பாக்கறீங்களா, பெருசா வேணுங்களா?”

“சின்ன எடந்தானுங்க” என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட அழாத மனிதர். அந்தத் தறிச் சத்தத்தில் அவர் அழுதது அந்த ஆளுக்குக் கேட்டிருக்காது.

நான் மனதில் நினைத்து வந்தது வேறு. இடத்தைக் கண்டுபிடித்து ஒரு போட்டோ எடுத்து ரேச்சலுக்கு அனுப்பலாம், என் மகளுக்கான கட்டத்தில் ஒரு ஊர்ப் பெயராவது போடச் சொல்லலாம், ரேச்சலுக்கு ஆறுதலாக இருக்கும் என்று. ஆறுதல் அவளுக்கா எனக்கா? அவளாலாவது ஒரு கல்லைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்து அழ முடிகிறது. நான் எதைத் தொடுவேன்? ரைன் ஆற்றங்கரைக் கிராமம் வரைக்கும் போய் யாரோ ஒரு தையல்காரரின் மாமியார் பெயரைக் கண்டுபிடித்தவளால், வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் தான் பெற்றதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இனிமேலும் முடியாது. இதில் தேற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. தேற்றிக்கொண்டு எழுதுகிற வாரம் இல்லை இது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டார். எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் என் வயது அம்மா ஒருவர். மடியில் கூடை, கூடை நிறைய முருங்கைக்காய். நம் பக்கத்து ஆட்கள்தான், சும்மா வருவார்களா?

“எங்கீங்க போயிட்டு வாரீங்க?”

“இங்கதானுங்க, எங்க பழைய ஊரு.”

“எத்தன கொழந்தைங்க உங்களுக்கு?”

“ரெண்டுங்க” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்கிறேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “சின்னவன் பையன், அமெரிக்காவுல இருக்கறான். பெரியவ பொண்ணு.”

“பொண்ணு எங்கீங்க இருக்குது?”

ஜன்னலுக்கு வெளியே தறி ஷெட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. “இந்தப் பக்கந்தானுங்க” என்றேன்.

அந்த அம்மா என் கையை மெல்லத் தட்டினார். “அப்பறமென்னங்க? பையன் அத்தாந்தூரம் போனாலும் பொண்ணு பக்கத்துலயே இருக்குது. நெனச்சா ஓடிப் போயிப் பாத்துட்டு வந்தர்லாம். குடுத்து வெச்சவங்க நீங்க.”